வாடிய எலுமிச்சையும் முந்நூறு ஆண்டுத் தராசும்

பூவிருந்தவல்லி, திருமுல்லைவாயில், திருவேற்காடு, பருத்திப்பட்டு. சென்னைக்கு மேற்கே உள்ள எங்கள் பகுதியின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தது போலிருக்கும். ஆனால் இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ வாழும் நடுத்தரக் குடும்பத்துக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் நாலு தொட்டிகள்தான். எங்கள் வீட்டிலும் அப்படியே. முதல் மாடியில் வாடகைக் குடியிருப்பு. எதிர் மனையில் கட்டட வேலை தொடங்கியபோது சிமெண்டுத் தூசிக்கு அஞ்சித் தொட்டிகளை எல்லாம் கூடத்துக்குள் எடுத்து வைத்தோம். அவற்றில் ஒன்று எலுமிச்சை.

அது சாதாரண எலுமிச்சை அன்று. புளியங்குடிப் பக்கத்தில் என் தந்தையார் வைத்து வளர்த்த மரத்தின் விதையில் முளைத்த கன்று. அவர் மறைந்தபின் ஊர் வீட்டைக் காலி செய்து என் தாயாரை இங்கு அழைத்து வந்தபோது, அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அந்தக் கன்று ஒன்றைத்தான். ஆறு ஆண்டுகளில் அது இடுப்பளவு வளர்ந்திருந்தது. கூடத்துக்குள் வந்த மூன்றாம் வாரம் இலைகள் தொங்கின. நான்காம் வாரம் உதிரத் தொடங்கின.

"அது தவிக்குதுடா. இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்து" என்றார் தாயார். ஊற்றினோம். மறுநாள் மேலும் வாடியது. மேலும் ஊற்றினோம். கல்லூரியில் மாணவர்களுக்குத் தந்துகிக் குழாயில் நீர் ஏறும் உயரத்தைக் கணக்கிடக் கற்பிக்கும் நானும் இந்தத் தவற்றில் பங்காளி. மண்ணைத் தொட்டால் ஈரம். இலையைத் தொட்டால் வாட்டம். ஈரத்தின் நடுவே ஒரு செடி ஏன் வாட வேண்டும்?

இக்கேள்விக்கு விடை தேடப் போனபோது, செடி வாடுவது ஏன் என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாறே ஒரு நெடுங்கதையாக என் முன் விரிந்தது. அக்கதையில் தாவரவியலாருக்கு இணையாக இயற்பியலாரும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பைத் தந்தது. அதனையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாரத்தை வீட்டுக்குள் போன கதை

எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி முதலியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அஸ்ஸாமின் கிழக்குப் பகுதி, வடக்கு மியான்மர், சீனத்தின் மேற்கு யுன்னான் ஆகியவை சேரும் நிலப்பரப்பு அது. 2018-ஆம் ஆண்டு வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு ஒன்று இதனை உறுதி செய்தது. நாம் ஊறுகாய் போடும் சிறிய எலுமிச்சை ஒரு கலப்பினம் என்றும், அதன் பெற்றோரில் ஒன்று கடாரங்காய் இனம் என்றும் அதே ஆய்வு காட்டியது.

'ஆரஞ்சு' என்ற சொல்லின் பயணமும் சுவையானது. நம் 'நாரத்தை', 'நாரங்காய்' முதலிய சொற்களோடு உறவுடைய திராவிட மொழி வேரிலிருந்து வடமொழி நாரங்கமும், அதிலிருந்து பாரசீக நாரங்கும், அரபு நாரஞ்சும், ஸ்பானிய நாரஞ்சாவும் பிறந்து இறுதியில் 'ஆரஞ்சு' ஆகியது என்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் பக்கத்துச் சொல்லே உலகைச் சுற்றிவிட்டு நிறம் மாறி நம்மிடம் திரும்பியிருக்கிறது.

சொல்லோடு மரமும் போயிற்று. ஆனால் ஐரோப்பாவின் பனிக்காலம் அதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே மரத்தைப் பெரிய மரத்தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் இழுத்துச் செல்லும் வழக்கம் தோன்றியது. இதற்கென்றே கட்டப்பட்ட மாளிகைகள் 'ஆரஞ்சரி' எனப் பெயர் பெற்றன. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684-க்கும் 1686-க்கும் இடையே கட்டப்பட்ட ஆரஞ்சரி இவற்றுள் புகழ் மிக்கது. அதன் நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். கட்டடம் தெற்கு நோக்கியது. குளிர்கால வெயில் முழுவதும் பெரிய சாளரங்கள் வழியே உள்ளே வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். மன்னர் பதினான்காம் லூயியின் காய்கனித் தோட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த லா கென்டினி எழுதிய தோட்டக்கலை நூல், அவர் மறைந்த பின்னர் 1690-இல் வெளியாயிற்று. அதில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. இத்தனைக்கும் அவர் சட்டம் படித்தவர்.

ஆக, எலுமிச்சைக் குடும்பத்து மரத்தை வீட்டுக்குள் வைத்து, அது வாடியதும் கவலைப்பட்டவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். அரசர்களும் அக்கவலையை அனுபவித்தவர்களே. ஆனால் அவர்களுடைய தோட்டக்காரர்களிடம் இருந்தது அனுபவ அறிவு. வாட்டத்தின் காரணத்தை அளந்து பார்த்தவர் எவரும் இல்லை.

நம் நாட்டிலும் செடிகளின் நோய்க்கு விளக்கம் கூறும் முயற்சி நடந்ததுண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுரபாலர் என்பவர் இயற்றியதாகக் கருதப்படும் விருட்சாயுர்வேதம், மனிதருக்குச் சொல்லப்படும் வாதம், பித்தம், கபம் என்ற பகுப்பையே மரங்களின் நோய்களுக்கும் சொல்கிறது. மரத்தையும் ஓர் உயிராக, நோயாளியாகக் கண்ட அப்பார்வை மதிக்கத்தக்கது. ஆயினும் அங்கும் தராசு இல்லை.

தராசில் ஏறிய செடி

முதலில் தராசைக் கொண்டு வந்தவர் பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். கன்று சுமார் 169 பவுண்டு மரமாகியது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். இது பாதி உண்மை. காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கை அவர் அறிந்திருக்கவில்லை. அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் 1648-இல் வெளிவந்தது.

அடுத்து வந்தவரே நம் கதையின் நாயகர். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் இரத்தக் குழாயில் நெடிய கண்ணாடிக் குழாயைச் செருகி இரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் இவரே. இதயத்தைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை அவர் செடியைப் பற்றியும் கேட்டார்: உள்ளே எவ்வளவு திரவம் ஓடுகிறது? என்ன அழுத்தத்தில் ஓடுகிறது?

1724-ஆம் ஆண்டு கோடையில் தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடி ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். மண்ணிலிருந்து நீர் நேரே ஆவியாகிவிட்டால் கணக்குப் பிழைபடும் அல்லவா? எனவே தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, இடுக்குகளைப் பூசி அடைத்து, நீர் ஊற்றுவதற்கும் காற்று புகுவதற்கும் மட்டும் வழி விட்டார். காலையிலும் மாலையிலும் தொட்டியை எடை போட்டார். எடை குறைந்த அளவே இலைகள் வழியே வெளியேறிய நீர். 12 மணி நேரப் பகற்பொழுதில் சராசரியாக 20 அவுன்சு நீரை அச்செடி வெளியேற்றியது. உடலின் பருமனோடு ஒப்பிட்டால் மனிதன் வெளிவிடும் வியர்வையைப் போல் 17 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். இதனையே இன்று நாம் நீராவிப்போக்கு என்கிறோம்.

சூரியகாந்தியோடு அவர் நிற்கவில்லை. முட்டைக்கோசு, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றையும் நிறுத்தார். அவ்வரிசையில் ஐந்தாவதாகத் தராசில் ஏறியது தொட்டியில் வளர்ந்த ஓர் எலுமிச்சை! அதன் இலைகளின் மொத்தப் பரப்பு 2,557 சதுர அங்குலம். அதாவது சுமார் 1.65 சதுர மீட்டர். பகற்பொழுதில் அது வெளியேற்றிய நீர் 6 அவுன்சு. நம் கணக்கில் 170 கிராம். அந்நீரை இலைப்பரப்பு முழுவதும் பரப்பினால் அதன் கனம் ஓர் அங்குலத்தின் 248-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சூரியகாந்திக்கு இது 165-இல் ஒரு பங்கு. முட்டைக்கோசுக்கு 80-இல் ஒரு பங்கு. ஐந்து செடிகளில் மிகக் குறைவாக நீர் செலவிட்டது எலுமிச்சையே. ஆண்டு முழுவதும் பசுமையாயிருக்கும் மரங்கள் சிக்கனமானவை என்பதை எண்களால் காட்டினார் ஹேல்ஸ்.

இச்சோதனைகள் அடங்கிய நூல் 1727-இல் வெளிவந்தது. இராயல் கழகத்தின் தலைவர் என்ற முறையில் அதனை அச்சிட ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவர் ஐசக் நியூட்டன். அவர் மறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. இயக்க விதிகளைத் தந்தவரின் கையெழுத்து ஒரு தொட்டி எலுமிச்சையின் கணக்கையும் உலகுக்கு அனுப்பி வைத்தது என்பதை அறிந்தபோது இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

அறுந்தால் போச்சு: நீர்க்கயிறு

வெளியேறும் நீரின் அளவு தெரிந்துவிட்டது. அது மேலே ஏறுவது எப்படி? உறிஞ்சு குழாயால் நீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் தூக்க முடியாது. வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் அவ்வளவுதான். 1643-இல் டாரிசெல்லி இதன் காரணத்தை விளக்கிவிட்டார். ஆனால் நம் தென்னை 20 மீட்டருக்கு மேலும் வளர்கிறது. அமெரிக்காவின் ரெட்வுட் மரங்களில் சில 110 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. அவற்றின் உச்சி இலைக்கு நீர் கொண்டுபோகும் எந்திரம் எங்கே?

மரத்தின் உயிருள்ள செல்களே சிறு சிறு இதயங்களாகத் துடித்து நீரைத் தள்ளுகின்றனவோ என்று பலர் எண்ணினர். ஜெர்மானியத் தாவரவியலார் ஸ்ட்ராஸ்பர்கர் 1891-இல் இதனைச் சோதித்தார். 20 மீட்டருக்கு மேல் உயரமான ஓக் மரம் ஒன்றை அடியில் அறுத்து, வெட்டுவாயை நச்சுத் திரவத்தில் நிறுத்தினார். நஞ்சு ஏறிய வழியெல்லாம் உயிர்ச்செல்கள் மடிந்தன. ஆயினும் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது. உயிருள்ள எந்திரம் இல்லாமலே நீர் ஏறுகிறது என்றாயிற்று.

1894-இல் டப்ளின் நகர டிரினிடி கல்லூரியைச் சேர்ந்த டிக்சன், ஜோலி என்னும் இருவர் துணிச்சலான விடை ஒன்றைக் கூறினர். முன்னவர் தாவரவியலார், பின்னவர் இயற்பியலும் நிலவியலும் கற்றவர். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விசை மிகப் பெரியது. வேர் முதல் இலை வரை காற்றுக்குமிழி இல்லாமல் தொடர்ந்து நிற்கும் நீர்த்தம்பம் ஒரு கயிறு போன்றது. இலையில் நீர் ஆவியாகும்போது கயிற்றின் மேல் நுனி இழுக்கப்படுகிறது. கயிறு முழுவதும் மேலேறுகிறது. கீழிருந்து தள்ளுவார் யாருமில்லை. மேலிருந்து இழுப்பது சூரிய வெப்பம். கிணற்றில் நீரை வாளியால் இறைப்பதைக் கண்டிருக்கிறோம். இங்கே நீரே கயிறு, நீரே வாளி.

நம் நாட்டின் ஜகதீச சந்திர போசு இக்கொள்கையை ஏற்கவில்லை. அவரும் இயற்பியலாரே. கல்கத்தாவில் 1917-இல் தம் ஆய்வு நிலையத்தை நிறுவியபின், 1923-இல் சாறேற்றம் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மின்முனை பொருத்திய நுண்ணிய ஊசியைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, பட்டையின் உள்ளடுக்குச் செல்கள் துடிப்பதாகவும், அத்துடிப்பே சாற்றைத் தள்ளுவதாகவும் அவர் கூறினார். செடிக்கும் உணர்வுண்டு என்று காட்டிய அவருடைய கருவிகளின் நுட்பம் இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் சாறேற்றம் பற்றிய அவருடைய விளக்கத்தை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியோர் கூற்றாயினும் சோதனைக்கு உட்பட்டதே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சோதனை 1965-இல் வந்தது. ஷோலாண்டர் என்பவரும் அவருடைய தோழர்களும், வெட்டிய கிளையை எஃகுக் கலத்தில் வைத்து, வெட்டுவாயில் நீர் கசியும் வரை வாயு அழுத்தத்தைக் கூட்டி, கிளைக்குள் இருந்த இழுவிசையை அளந்தனர். உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியும் அளந்தார்கள்! பிச்சாவரத்தில் நாம் காண்பது போன்ற அலையாத்திக் காட்டுச் செடிகளில் அந்த இழுவிசை 30 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேற்பட்டிருந்தது. நீர்க்கயிறு உண்மையே என்பது உறுதியாயிற்று.

வாட்டத்தை அளந்த இயற்பியலார்

கயிறு மேலே இழுக்கப்படுகிறது. கீழே மண் அதனைப் பிடித்துக்கொள்கிறது. மண் உலர உலர, எஞ்சிய நீர் மண்துகள்களை இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரு கட்டத்தில் மண்ணின் பிடியை வேர் வெல்ல முடியாது. இலைச்செல்களில் நீர் குறைந்து அவற்றின் விறைப்பு தளர்கிறது. காற்றிறங்கிய சைக்கிள் டயரைப் போல இலை தொய்கிறது. இதுவே வாட்டம்.

இந்தக் கட்டத்தை எண்ணால் குறித்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த லைமன் பிரிக்சும் ஹோமர் ஷான்ட்சும் ஆவர். இவர்களும் தொட்டி மண்ணின் மேற்பரப்பை மெழுகால் மூடி, நீர் இலை வழியே மட்டும் வெளியேறச் செய்தனர். செடி வாடியதும் ஈரக்காற்று நிறைந்த கூண்டில் வைத்துப் பார்த்தனர். நிமிர்ந்தால் அது தற்காலிக வாட்டம். நிமிராவிட்டால் நிலையான வாட்டம். அந்நிலையில் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தின் சதவீதத்தை அளந்தனர். 1912-இல் வெளியான அவர்களுடைய முடிவு எதிர்பாராதது. வாடும் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செடியன்று, மண்ணே! பருமணலில் சுமார் 1 சதவீத ஈரம் எஞ்சும் வரை செடி தாக்குப் பிடிக்கும். களி மிகுந்த சில மண்களில் 15 சதவீத ஈரம் இருக்கும்போதே வாடிவிடும். அக்கட்டத்தில் மண்ணின் பிடி ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தம் என்று பின்னர் வரையறுத்தனர்.

பிரிக்ஸ் மிச்சிகன் மாநிலத்துப் பண்ணையில் பிறந்து இயற்பியல் படித்தவர். பிற்காலத்தில் அமெரிக்கத் தேசியத் தர அளவை நிறுவனத்தின் இயக்குநரானார். 1939-இல் யுரேனியம் பற்றி ஆராய அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அமைத்த குழுவின் தலைவரும் இவரே. ஓய்வு பெற்றபின் அவர் திரும்பியது எதற்குத் தெரியுமா? நீரிடம்! இருபுறமும் திறந்த, வளைந்த நுண்கண்ணாடிக் குழாயில் நீர் நிரப்பி அதிவேகமாகச் சுழற்றி, நடுவில் நீர் அறுபடும் இழுவிசையை அளந்தார். 1950-இல் அவர் வெளியிட்ட மதிப்பு, 10 டிகிரி செல்சியசில் 277 பார். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு. இளமையில் வாடிய செடியை அளந்தவர், முதுமையில் அச்செடி தொங்கிக்கொண்டிருக்கும் நீர்க்கயிற்றின் வலிமையை அளந்து முடித்தார்.

நீரின் நடுவே தாகம்

இதுவரை சொன்னவற்றால் வறண்ட மண்ணில் செடி வாடுவது விளங்கும். எங்கள் எலுமிச்சை ஈர மண்ணில் அல்லவா வாடியது?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் முழங்காலளவு நீர் நின்ற அந்நாட்களில் பக்கத்து மனைப் பப்பாளியின் இலைகள் குடை மடங்கியது போல் தொங்கியதைக் கண்டேன். சுற்றிலும் நீர், உள்ளே வாட்டம். விடை அங்கேயே இருந்தது. அன்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

வேர் குழாய் மட்டுமன்று; அது மூச்சுவிடும் உறுப்பு. அதற்கு ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதுவும் நீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணின் இடுக்குகளில் காற்று போய் நீர் நிரம்பினால், வேர் தன்னைச் சுற்றியுள்ள சிறிதளவு ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். பிறகு மூச்சடைப்புதான்.

மூச்சடைத்த வேர் நீரை ஏன் உறிஞ்சுவதில்லை என்பது மிக அண்மையில்தான் தெளிவாயிற்று. செல்லுறையில் நீருக்கென்றே நுண்வாயில்கள் உண்டு. 'அக்வாபோரின்' எனப்படும் இவற்றை 1992-இல் இனங்கண்ட பீட்டர் ஏகருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் இல்லாதபோது வேர்ச்செல்லின் உட்புறம் அமிலமாகி, அதனால் இவ்வாயில்கள் மூடிக்கொள்கின்றன என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதே 2003-இல் வெளியிட்டனர். வாயில் மூடியபின் வெளியே எவ்வளவு நீர் இருந்தென்ன? செடி தாகத்தால் வாடுகிறது. நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். கதவைச் சாத்திய வீட்டின் வாசலில் விருந்தைக் குவிப்பது போன்றது அது.

இந்நிலை நீடித்தால் பகைவனும் வந்து சேருவான். 1830-களில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சுத் தோட்டங்களில் ஓர் அழுகல் நோய் பரவிப் பேரழிவை உண்டாக்கியது. அதற்குக் காரணமான ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி நீரில் நீந்தும் வித்துக்களை உடையது. தேங்கிய நீர் அதற்கு ராஜபாட்டை. நோயைத் தாங்கும் கிச்சிலி இனத்தின் அடித்தண்டில் நல்ல இனத்தை ஒட்டுக்கட்டும் முறை பல நாடுகளில் பரவியதற்கு இந்நோயும் ஒரு காரணம்.

பஞ்சு சொல்லும் பாடம்

தொட்டியில் ஓட்டை இருக்கிறதே, நீர் எப்படித் தேங்கும் என்று கேட்கலாம். பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நீரில் நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நீர் சொட்டி நின்றுவிடும். இப்போது அதனைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் சொட்டும்! நீரின் எடை நுண்துளைகளின் தந்துகி விசையை வெல்லும் உயரம் வரைதான் வடியும். அடியில் ஒரு பட்டை எப்போதும் நீர் நிரம்பியே இருக்கும். தொட்டி மண்ணும் அத்தகைய பஞ்சே. மண் எவ்வளவு நுண்மையோ, அந்தப் பட்டை அவ்வளவு உயரம். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நுண்மண்ணிலிருந்து நீர் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது; ஜல்லியின் மேல் தங்கிவிடும். ஆகவே ஜல்லி ஈரப்பட்டையை நீக்குவதில்லை. வேருக்கு அருகில் உயர்த்துகிறது. எங்கள் தொட்டியில் நாலு விரல் ஜல்லி இருந்தது. அதன் மேல் இருந்தது ஏரி வண்டல்.

எங்கள் கூடத்துச் சோதனை

ஹேல்ஸைப் பின்பற்ற முடிவு செய்தேன். பத்து கிலோ வரை ஒரு கிராம் நுட்பத்தில் காட்டும் சமையலறைத் தராசு கிடைத்தது. ஈயத் தகட்டுக்குப் பதில் பாலிதீன் தாளால் தொட்டியின் வாயை மூடிக் கட்டினேன். எஞ்சிய இலைகள் 140. ஓர் இலை சராசரியாக 15 சதுர செ.மீ. மொத்தம் 0.21 சதுர மீட்டர். ஹேல்ஸின் எலுமிச்சை வீதத்தில் பகலுக்குச் சுமார் 21 கிராம் நீர் போக வேண்டும். மூன்று நாள் எடை போட்டதில் கிடைத்த சராசரி 18 கிராம். நாங்கள் நாள்தோறும் ஊற்றியது ஒரு சொம்பு, அதாவது அரை லிட்டர்! செடி செலவிட்டதைப் போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

தாயாரிடம் தராசைக் காட்டினேன். சற்று நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான்தான் அதை மூழ்கடிச்சேனா?" என்றார். நாம் இருவரும் சேர்ந்துதான் என்றேன்.

தொட்டியைக் கவிழ்த்தபோது சேற்று நாற்றம் வீசியது. பெரும்பாலான வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் உரிந்தன. அவற்றை நறுக்கிவிட்டு, வெளிறிய உறுதியான வேர்களை மட்டும் வைத்துக்கொண்டோம். பருமணலும் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்த புதுக்கலவையில், ஜல்லி இல்லாமல் நட்டோம். வேர் குறைந்துவிட்டபடியால் கிளைகளையும் சிறிது கழித்தோம். வரவும் செலவும் ஒத்திருக்க வேண்டுமல்லவா? 1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் செடி தன் ஈரத்திலேயே வாழ்வதைக் கண்டார். அதை நினைத்து, முதல் பத்து நாள் செடியைச் சுற்றித் தளர்வாகப் பாலிதீன் கூண்டு கட்டி, வெயில் நேரே படாத இடத்தில் வைத்தோம்.

உரம் போடச் சொன்னவர்களும் உண்டு. போடவில்லை. உப்புச் செறிவு கூடினால் சவ்வூடு பரவலால் நீர் வேருக்குள் நுழைவது மேலும் கடினமாகும். எஞ்சிய இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தது. அது இரும்புக் குறைவின் அடையாளம். 1843-இல் பிரெஞ்சுக்காரர் யூசேப் கிரி, இரும்பு உப்புக் கரைசலை வெளிறிய இலைகளுக்கு அளித்து அவை பச்சையாவதைக் காட்டினார். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. ஆகவே இயன்றபோது மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினோம்.

இனி வெளிச்சம். 1779-இல் இன்கென்ஹவுஸ், இலைகள் காற்றைத் தூய்மையாக்குவது ஒளியில் மட்டுமே என்று காட்டினார். திறந்த வெளியில் நண்பகல் வெளிச்சம் ஒரு இலட்சம் லக்சு அளவு. கூடத்தின் மூலையில் அது சில நூறு லக்சுதான். நம் கண் இருளுக்குப் பழகிவிடுவதால் அந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, இலைக்குத் தெரியும். வெர்சாய் மாளிகையைத் தெற்கு நோக்கிக் கட்டியவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள். பத்து நாள் கழிந்ததும் தொட்டியைக் கிழக்குச் சன்னலோரம் வைத்தோம். நாளாக ஆக, காலை வெயிலை அரை மணி, ஒரு மணி என்று கூட்டினோம்.

முதல் மாதம் இரண்டு கிளைகள் காய்ந்தன. மற்றவை அப்படியே நின்றன. ஏழாம் வாரம் அடித்தண்டுக்குச் சற்று மேலே கடுகளவு பச்சை முனை ஒன்று தெரிந்தது. அது தளிர்தானா என்று மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் தாயாரிடம் சொன்னேன். அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார். எதிர்வீட்டுக் கட்டட வேலை முடிந்ததும் செடி மீண்டும் வெளியே போயிற்று. பழைய உயரம் இல்லை. காய்ப்பதற்கு இன்னும் ஆண்டுகள் ஆகலாம்.

தராசு இப்போது சமையலறைக்கே திரும்பிவிட்டது. தாயாருக்கு அது தேவைப்படுவதில்லை. காலையில் தொட்டியின் விளிம்பை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பார்க்கிறார். இலேசாக இருந்தால் ஊற்றுகிறார். இல்லாவிட்டால், "இன்னும் கனமா இருக்கு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொம்பைக் கீழே வைத்துவிடுகிறார்.